புதிய வரவா, புதிய பதிவா?
மலையகத் தேயிலை மண்ணின் பங்கசுகள் பற்றியொரு வரலாற்று நோக்கு

கல்வெட்டொன்றில் ஓர் ஊரின் பெயர் முதன்முதலாக இடம்பெறும் ஆண்டினை அவ்வூர் தோன்றிய ஆண்டெனக் கொள்ளும் வரலாற்று மாணவன் எவனும் இலன். கல்வெட்டுப் பொறிக்கப்படுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே ஊர் இருந்திருக்கலாம். பொறிப்பதற்கான தேவை பின்னர் எழுந்திருக்கலாம். இந்த எச்சரிக்கை வரலாற்றுத்துறையினருக்குப் பால பாடம். ஆயின், ஒரு நோய்க் கிருமியோ பங்கசோ ஒரு நாட்டில் “முதன்முறையாகப் பதிவாகியுள்ளது” என அறிவியலேடு கூறுமிடத்து, அதனை “முதன்முறையாக வந்துள்ளது” எனப் பொருள்கொண்டு நாம் எளிதிற் கடந்து விடுகின்றோம். இவ்விரண்டும் ஒன்றல்ல. நமது மலையகத்தின் கோப்பி, தேயிலை வரலாற்றில் இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைப்பீட மாணவன் ஒருவன் பங்கசுகளைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மலையகச் சமூகத்தின் வரலாற்றை எழுதுவோர் துரைமாரையும் கங்காணிமாரையும் சட்டங்களையும் எழுதியுள்ள அளவுக்கு, அச்சமூகம் நாள்தோறும் கொத்திப் புரட்டிய மண்ணைப் பற்றி எழுதவில்லை என்பதே இதற்கு என் விடை.

இத்தகைய பதிவுகளுள் முதன்மையானது கோப்பியைப் பற்றியது. 1869ஆம் ஆண்டு மே மாதத்தில் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பெர்க்லிக்கு அனுப்பினார். பெர்க்லி தொழிலால் ஒரு கிராமத் தேவாலயத்தின் குரு. ஆர்வத்தால் அக்காலப் பங்கசியலின் தலைமை அறிஞர். அவரும் அவருடைய நண்பர் புரூமும் அதற்கு எமிலேயா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டனர். அதே ஆண்டு நவம்பரில் அப்பெயர் இலண்டன் தோட்டக்கலை வார ஏடொன்றில் வெளியாயிற்று. பெயரின் பின்பகுதிக்கு அழிப்பவள் என்பது பொருள். பெயரிட்ட வேளையில் அது மிகைப்பெயராகவே தோன்றியிருக்கும். ஏனெனில் கோப்பிப் பரப்பு அதன் பின்னரும் வளர்ந்து 1878 அளவில் ஏறத்தாழ 275,000 ஏக்கரை எட்டியது. இருபதாண்டுகளுக்குள் பெயர் பலித்துவிட்டது.

அப்பங்கசு எங்கிருந்து வந்தது என்பது அன்றே எழுந்த வினா. இலங்கைக் காட்டுச் செடிகளிலிருந்து கோப்பிக்குத் தாவியதென்றனர் ஒரு சாரார். கோப்பியின் தாயகமாகிய ஆபிரிக்காவிலிருந்து வந்ததென்பது பிற்கால ஆய்வாளரின் பெரும்பான்மைக் கருத்து. 1880இல் இங்கு வந்து ஈராண்டளவு ஆராய்ந்த மார்சல் உவாட், வித்திகள் காற்றிற் பரவி ஈரமான இலையில் முளைத்து இலைவாய்கள் வழியே உட்புகுவதை நிறுவினார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே பரவலுக்கு வாய்ப்பளித்தது என்பதும் அவரது முடிபுகளுள் ஒன்று. வந்த வழி எதுவாயினும், 1869இற்கு முன் அது இங்கு இல்லை என்பதற்கு நம்மிடமுள்ள சான்று, அதனை அதற்கு முன் எவரும் காணவில்லை என்பது மட்டுமே. காணவில்லை என்பது எப்போது சான்றாகும்? பார்த்துக்கொண்டிருந்த கண்கள் போதிய அளவு இருந்தபோது மட்டுமே. இவ்வளவுகோலை வைத்துக்கொண்டு, இலையை விட்டு மண்ணுக்குள் இறங்குவோம்.

கோப்பி வீழ்ந்த நிலத்திலே தேயிலை எழுந்த வேகம் திகைப்பூட்டுவது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் நட்டது தொடக்கம். 1875இல் நாடெங்கும் ஏறத்தாழ 1,080 ஏக்கர். 1895இலோ 305,000 ஏக்கரளவு. இந்நிலத்திற் பெரும்பகுதி ஒரு தலைமுறைக்கு முன்னர் அடர்காடாயிருந்தது. டிம்புல, டிக்கோயாப் பகுதிகளின் காடுகள் 1860களிலும் 1870களிலுமே பெருமளவில் வெட்டி எரிக்கப்பட்டன. வெட்டி எரித்தல் என்னும்போது மேற்பரப்பே நினைவுக்கு வருகிறது. நெருப்பு மரத்தைத் தின்றது. அடிக்கட்டையையும் வேரையும் அது தின்னவில்லை. கட்டைகளுக்கிடையே குழிவெட்டிக் கன்றுகள் நடப்பட்டன. செத்த வேர்கள் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்ல உக்கின. அவற்றை உக்கச் செய்த பங்கசுகள் தேயிலை வேரைத் தொட்டபோதுதான், ஒரு புதிய நோய் தோன்றியதாகத் தோட்டத்துரைமார் முறையிடலாயினர்.

1905இல் அரசாங்கப் பங்கசியலாளர் கருதர்ஸ் மலாயாவுக்குச் சென்றபின், அப்பதவிக்கு வந்தவர் தோமஸ் பெற்ச். இங்கிலாந்திற் பள்ளி ஆசிரியராயிருந்தவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பேராதனையிலிருந்து அவர் ஆற்றிய பணியே நமது நாட்டுப் பங்கசியலின் அடித்தளம். நமது பல்கலைக்கழகத்திற்கு அண்மையில், மகாவலி வளைந்தோடும் அப்பூங்காவிலேதான் மலையகத்துத் தோட்டங்களிலிருந்து செத்த வேர்கள் பொதிகளாக வந்து சேர்ந்தன.

வேரைப் பார்த்து நோயின் பெயரைக் கூறுதல் எளிய காரியமன்று. தோட்டத்தில் ஒரு செடி வாடுகிறது, இலை மஞ்சளாகிறது, சில வேளைகளில் திடீரெனப் பச்சையாகவே காய்ந்து, இலைகள் உதிராமல் கொம்பிலேயே தொங்குகின்றன. மேலிருந்து பார்ப்போருக்கு எல்லா வேர்நோய்களும் ஒன்றுபோலவே தோன்றும். செடியைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, பட்டையை உரித்துப் பார்க்கும்போதே வேறுபாடு வெளிப்படும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே வெண்ணிற நூல்கள் விண்மீன் வடிவில் விரிந்திருப்பின் அது ஒன்று. மரத்தைப் பிளக்கும்போது கரிய இரட்டைக் கோடுகள் ஓடுமாயின் அது வேறு. வேரின் மேல் வெண்மையிற் பிறந்து சிவந்து கறுக்கும் இழைக் கயிறுகள் படர்ந்திருப்பின் அது மூன்றாவது. மண்ணும் மணலும் சிறுகற்களும் கபில நிறப் பசையால் வேரோடு ஒட்டிக்கொண்டு, கழுவினாலும் போகாத மேலோடாகி நிற்பின் அது நான்காவது. இவ்வடையாளங்களைத் தெளிவாக வகுத்து எழுதியமையே பெற்சின் பெரும் பணி. அடிக்கடி நூலகத்தில் உறங்கும் வகையைச் சேர்ந்ததெனினும், 1923இல் வெளியான அவரது தேயிலைச்செடி நோய்கள் பற்றிய நூல் இவ்வகையில் ஒரு செந்நூலே.

ஆயின் அடையாளம் காண்பது வேறு, பெயரிடுவது வேறு. பங்கசுக்கு அறிவியல் முறைப்படி சாதியும் இனமும் கூறவேண்டின், அதன் வித்தி தாங்கும் உறுப்பு வேண்டும். வேரிற் படர்ந்த வெறும் இழைகளைக் கொண்டு பெயரிடல் ஆகாது. மண்ணுக்குள் வாழும் இவை அவ்வுறுப்பை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. செடி செத்துப் பல காலம் சென்றபின், அடிக்கட்டையின் மறைவில், மழை தொடரும் பருவத்திற் சிலபோது தோன்றும். தோட்டத்துரையோ செத்த செடியை உடனே எரிக்க விரும்புவார். பங்கசியலாளரோ அது அழுகட்டும் என்று காத்திருக்க விரும்புவார். நடைமுறைக்கும் அறிவுக்கும் உள்ள இம்முரண் சுவையானது.

மேலே முதலிற் குறித்த, விண்மீன் வடிவ இழைகளையுடைய கருவேர் நோய்க்குக் காரணமான பங்கசு, அறிவியலுக்கே புதியதெனக் கண்ட பெற்ச் 1916இல் அதற்கு ரோசெலினியா ஆர்குவேற்றா எனப் பெயர் சூட்டினார். இது உதிர்ந்த இலைச் சருகுகளினூடே நிலத்தின் மேற்பரப்பில் ஊர்ந்து செல்வது. அவ்வாறு ஊர்ந்துவந்து செடியின் கழுத்தைப் பற்றும். பற்றிய இடத்துக்கு மேலே தண்டு வளையமாக வீங்கும். மழையும் பனிமூட்டமும் சருகை ஈரமாகவே வைத்திருக்கும் மலைச்சரிவுகள் இதற்கேற்ற இடம். பெயருக்கு வயது நூறாண்டுக்குச் சற்று மேல். பங்கசுக்கோ?

இவ்வினாவுக்கு விடைதர அதன் உடன்பிறப்பு ஒன்று உதவுகிறது. தேயிலை வேரைக் கொல்லும் இன்னொரு ரோசெலினியாவுக்கு புனோடிஸ் என்பது இனப்பெயர். இதனைப் பெற்ச் புதிதாகப் பெயரிட வேண்டியிருக்கவில்லை. துவெயிற்ஸ் ஆண்டுக்கணக்காக அனுப்பிய இலங்கைப் பங்கசு மாதிரிகளைப் பெர்க்லியும் புரூமும் 1870 முதல் 1875 வரை இலண்டன் லினேயச் சங்க ஏட்டிற் பட்டியலிட்டு வெளியிட்டனர். அப்பட்டியலில், அன்றைய வகைப்பாட்டின்படி வேறொரு சாதியின் கீழ், புனோடிஸ் இடம்பெற்றுள்ளது. அக்காலத்தில் இந்நாட்டில் தேயிலை ஓராயிரம் ஏக்கரே. அப்பங்கசினைத் தேயிலையோடு எவரும் தொடர்புபடுத்தவுமில்லை. தேயிலையின் எதிரி தேயிலை பரவுமுன்பே பெயர் பெற்று, உலர்ந்த மாதிரியாக உறைக்குட் கிடந்தது! வேர் நோய் தேயிலையோடு கப்பலேறி வந்ததென்று கருதுவோருக்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை என்பது என் எண்ணம். பங்கசு இம்மண்ணின் பழங்குடி, தேயிலையே வந்தேறி. “புதிய பதிவு” என்று நாம் கூறுவது, பழங்குடியின் வீட்டுக்குள் வந்தேறி காலெடுத்து வைத்த நாளின் பதிவேயாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பெயர் கிடைத்துவிட்டது என்பதனால் அடையாளம் முற்றுப்பெற்றது என்று கொள்ளலாகாது. மேலே நான்காவதாகக் குறித்த கபில வேர் நோயின் கதை இதற்குச் சான்று. இது உயர்நிலத்தைவிடத் தாழ்ந்த, இடைப்பட்ட உயரங்களிலேயே மிகுதி. தேயிலையை மட்டுமன்றி இறப்பர், கொக்கோ முதலியவற்றையும் தாக்குவது. இதன் வித்தியுறுப்பு அரிதாகவே காணப்படும். எனவே பெற்ச் முதலில் இதனைப் பெர்க்லி பசிபிக் தீவான சமோவாவிலிருந்து வந்த மாதிரிக்கு இட்ட பெயரால், ஐமெனோகீற்றே நொக்சியா என அழைத்தார். பின்னர் பிலிப்பைன்ஸ் நாட்டு லாமாவோ என்னும் ஊர்ப் பெயரால் வழங்கிய இனமே இது என்ற கருத்துக்கு மாறினார். 1932இல் சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவைச் சேர்ந்த கோர்ணர், இவ்விரண்டும் பொருந்தா எனக் காட்டி, போமெஸ் நொக்சியஸ் எனத் தனியினமாக விவரித்தார். 1965இல் அது பெல்லினஸ் நொக்சியஸ் ஆயிற்று. மரபணு ஆய்வின் அடிப்படையில் 2018இல் பிரோடேர்மா நொக்சியம் ஆயிற்று. நூறாண்டுக்குள் ஐந்து பெயர்கள்! வேரில் ஒட்டிய மண் மேலோடு மட்டும் மாறவேயில்லை. தோட்டத்தில் நின்று பார்த்தவனுக்கு நோய் எது என்பதில் ஐயம் எழுந்ததேயில்லை, ஐயமெல்லாம் மேசையிலேதான். ஆயினும் மேசைச் சண்டையை வீண்சண்டை என்று தள்ளிவிட முடியாது. சமோவாவின் பங்கசும் இலங்கையின் பங்கசும் ஒன்றா என்ற வினாவுக்கு விடை தெரியாமல், அது ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பரவியதா என்ற வினாவை எழுப்பவே முடியாது.

பெயர் தெரிந்ததனால் மலையில் என்ன மாறிற்று? வேலை மாறிற்று. காரணம் அறியப்படாதவரை செத்த செடியின் குழியிலே இன்னொரு கன்றை வைப்பதே வழக்கம், அதுவும் சாகும். மண் பலமிழந்தது என்றும், கன்றை நட்டவன் கவனமின்றி நட்டான் என்றும் காரணம் கூறுவது எளிது. பங்கசு வேரிலிருந்து வேருக்குச் செல்கின்றது என்று தெரிந்தபின், செத்த செடியோடு சுற்றியுள்ள செடிகளையும் வேரோடு அகழ்ந்தெடுக்க வேண்டும், பென்சிற் பருமனுள்ள வேர்த்துண்டுகூட மண்ணில் எஞ்சலாகாது, எல்லாம் அவ்விடத்திலேயே எரிக்கப்படல் வேண்டும், நோயிடத்தைச் சுற்றி ஆழமாகக் கான் வெட்டிப் பிரிக்க வேண்டும் என்பன விதிகளாயின. செங்குத்தான சரிவிலே அலவாங்கும் மண்வெட்டியும் முள்ளும் கொண்டு இவ்விதிகளை நிறைவேற்றியவர்கள் தமிழ்த் தொழிலாளர். கருவேர் நோயின் நூலிழைகளையும் செவ்வேர் நோயின் சிவந்த கயிறுகளையும் எந்தப் பங்கசியலாளரைக் காட்டிலும் மிகுதியாகக் கண்ட கண்கள் அவர்களுடையவை. பேராதனைக்குச் சென்ற பொதிகளிலிருந்த வேர்கள் யார் கைகளால் தோண்டப்பட்டிருக்கும் என்பதற்குச் சான்றேடு தேவையில்லை. பங்கசின் பெயருக்குப் பின்னால் பெயரிட்டவரின் பெயரை எழுதுவது அறிவியல் மரபு. மாதிரியைச் சேகரித்தவர் பெயருக்கும் ஏடுகளில் இடமுண்டு. தோண்டியவருக்கு அம்மரபில் இடமில்லை. இதனைக் குறையென்று பெற்சின் மேற் சுமத்துவது முறையன்று. தோட்டத்தின் வேலைப் பகுப்பு எதுவோ அதுவே அறிவின் பகுப்பாகவும் அமைந்தது என்று கொள்வதே பொருத்தமாகும்.

காட்டுக் கட்டைகள் உக்கி முடிந்தபின் நோயும் முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. நிழலுக்கும் காற்றுத் தடைக்கும் விறகுக்குமாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரெவிலியா மரத்தை, தோட்டத்தார் சவுக்கு என வழங்குவதை, தேயிலைக்கிடையே துரைமார் நிறைய நட்டிருந்தனர். அவை முதிர்ந்து வெட்டப்பட்டபோது அவற்றின் கட்டைகள் காட்டுக் கட்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கரிய இரட்டைக் கோடுகளை மரத்தில் வரையும் உஸ்ருலினாவுக்கு இக்கட்டைகளே பெருவிருந்து. நோயைத் தடுக்கும் நோக்கமின்றி நட்ட மரம், வெட்டும் நோக்கமின்றி விட்டிருந்தால் தீங்கு செய்திராது. வெட்டிக் கட்டையை விட்டதே தீங்காயிற்று.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சட்டப்படி நிறுவப்பட, அதன் முதற் பணிப்பாளராகப் பெற்ச் நியமிக்கப்பெற்றார். தொடக்கத்தில் நுவரெலியாவில் இயங்கிய அந்நிலையம், பின்னர் தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்துக்கு மாறியது. வேர் பேராதனைக்குப் பயணம் செய்த காலம் போய், ஆய்வுகூடம் வேரிருந்த இடத்துக்கே வந்தது. அங்கு பங்கசியலாளராயிருந்த காட், கவ்வாத்துக்குப் பின் செடிகள் மடிவதில் வேரிலுள்ள மாப்பொருட் சேமிப்புக்கும் பங்குண்டு என ஆராய்ந்தார். இது முக்கியமானதொரு திருத்தம். பங்கசு மட்டுமே குற்றவாளி அன்று என்பது இதனாற் புலனாயிற்று. சுதந்திரத்துக்குப் பின் அந்நிலையத்தின் தாவர நோயியற் பிரிவிலே தமிழ் அறிஞரும் இடம்பெற்றனர். 1960களிலும் 1970களிலும் சண்முகநாதன், அவருக்குப் பின் அருள்பிரகாசம் ஆகியோரின் ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. போரியா என்னும் செவ்வேர் நோய்ப் பங்கசினை மண்ணுக்குள் நச்சாவி செலுத்தி ஒழிக்கும் முறைகள் அக்காலத்திலேயே வளர்ந்தன. நோயிடத்தைத் துப்புரவாக்கியபின் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ ஓரிரு ஆண்டு வளர்த்து மண்ணை ஆறவிட்டுப் பின் தேயிலை நடுதலும் வழக்கமாயிற்று.

இவற்றோடு ஒப்பிடத்தக்க எதிர்ச்சான்று ஒன்று உண்டு. அது மண்ணைச் சார்ந்ததன்று, கொழுந்தைச் சார்ந்தது. எனினும் நமது வினாவுக்கு அது இன்றியமையாதது. கொப்புள நோய் அசாமிலே 1868 அளவில் அறியப்பட்டது. அதன் பங்கசுக்கு மாசி என்பார் 1898இல் எக்சோபசீடியம் வெக்சான்ஸ் எனப் பெயரிட்டார். வட இந்தியாவில் இத்துணைக் காலம் இருந்தும், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது 1946இலேதான் பதிவாயிற்று. இதனை உண்மையான வருகை என்று கொள்ள நமக்கு உரிமையுண்டு. ஏனெனில் 1946இல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது, பங்கசியலாளர் இருந்தனர், நோயின் தோற்றம் நூல்களில் விவரிக்கப்பட்டிருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் ஒவ்வொரு கொழுந்தையும் பல்லாயிரம் பெண்களின் விரல்கள் தொட்டுக்கொண்டிருந்தன. கொப்புளம் அதற்கு முன்னர் இருந்திருப்பின் அவ்விரல்களுக்குத் தப்பியிருக்க முடியாது. மண்ணுக்குள் இருந்த ரோசெலினியாவோ எவர் விரலும் படாத இடத்திலே இருந்தது. இலையின் பதிவாண்டும் வேரின் பதிவாண்டும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கன அல்ல என்பதன் காரணம் இதுவே.

பெற்ச் 1948இல் மறைந்தார். அவர் தொகுத்துவந்த இலங்கைப் பங்கசுகளின் பட்டியல், பிஸ்பி என்பாரின் உழைப்போடு 1950இல் வெளியாயிற்று. இந்நாட்டில் ஒரு பங்கசு புதியதா என்று அறிய விரும்புவோர் முதலிற் புரட்டவேண்டிய நூல் நெடுங்காலமாக அதுவேயாகும். 2020இல் பேராதனையைச் சேர்ந்த அதிகாரம், யக்கந்தாவல ஆகியோர் தாவர நோய்ப் பங்கசுகளுக்கான புதிய பட்டியலொன்றை வெளியிட்டுள்ளனர். இன்று வித்தியுறுப்புக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டியதில்லை. வேரின் சிறு துண்டிலிருந்து மரபணுத் தொடரைப் படித்து இனத்தைத் துணியலாம். இதனாற் “புதிய பதிவுகள்” பெருகும் என்பது உறுதி. அவற்றுட் பல, கட்டைகளோடு கட்டைகளாக இம்மண்ணிற் கிடந்தவையாகவே இருக்கும்.

நச்சாவி முறையிற் பெயர்பெற்ற மெதயில் புரோமைட்டு, வளிமண்டல ஓசோன் படையைச் சிதைப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் வந்தது. வளர்முக நாடுகளும் 2015ஆம் ஆண்டுடன், பண்டகத் தடுப்பு முதலிய சில தேவைகள் நீங்கலாக, அதன் பயன்பாட்டைக் கைவிட வேண்டியதாயிற்று. அதற்கு ஈடாக மண்ணிற் செலுத்தும் மருந்து எதுவாயினும், அதற்கு முன்னர் நோய் கண்ட செடியை அகழ்ந்து, பென்சிற் பருமன் வேர்வரை பொறுக்கியெடுக்கும் வேலை நடந்தாக வேண்டும். அதனைச் செய்ய இன்றும் அலவாங்கும் கையுமே உள்ளன.